உங்கள் கைக்கு மட்டும் பணிந்த வண்டி

கியர்ப் பிடியின் மேல் சந்தனம் இன்னும் ஒட்டியிருக்கிறது, அப்பா. கடைசி வெள்ளிக்கிழமை நீங்கள் வைத்தது. காய்ந்து வெடித்து, உங்கள் விரல் ரேகையோடு அப்படியே இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு உங்கள் இருக்கையில் உட்கார்ந்திருந்த காலையில் எனக்கு ஒன்று தெரியவந்தது. உங்களிடம்தான் இதைச் சொல்ல வேண்டும். உங்களுக்கு அது முன்பே தெரியும்.

நீங்கள் ஓட்டிய வண்டியை முதலாளி விற்கப்போவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். உங்கள் சாமான்கள் உள்ளே இருந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்று சாவியையும் கொடுத்தனுப்பினார். "அந்த வண்டி மூஞ்சியில நான் முழிக்க மாட்டேன், நீ போய் எடுத்துட்டு வா" என்று அம்மா சொல்லிவிட்டாள். நான் போனேன். நம் லயத்து வரிசை வீடுகளுக்குக் கீழே, கோயில் வளைவில் நின்றது. உங்கள் குடையும், துவாலையும், பாதி தீர்ந்த தைலப் போத்தலும் இருந்தன. எடுத்தேன். எடுத்த பிறகும் இறங்க மனம் வரவில்லை.

நீங்கள் போன பிறகு பக்கத்து வீட்டுச் சேகர் அண்ணன் கொஞ்ச நாள் அதை ஓட்டிப் பார்த்தார். ஒரு நாள் சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் எடுக்கும். மறுநாள் விளக்கெல்லாம் எரியும், இஞ்சினில் ஒரு சத்தம்கூட வராது. பதுளையில் ஒரு கராஜில் பேட்டரி மாற்றினார்கள். ஸ்டார்ட்டரைக் கழற்றிப் பூட்டினார்கள். எலுமிச்சம்பழம்கூட நசுக்கினார்கள். கடைசியில் அவர் முதலாளியிடம் சாவியை நீட்டி, "எனக்கு ராசியில்லங்க" என்றார். வண்டியைப் பற்றி மட்டும் அவர் அதைச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். நீங்கள் போன காலைக்குப் பிறகு அவர் நம் வீட்டு வாசலைத் தாண்டும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டே போனார். தன் ஆட்டோவைக்கூட விற்றுவிட்டார்.

நீங்கள் வண்டி எடுக்கும் விதம் எனக்கு மனப்பாடம். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் குரல் வராமல் நின்று நின்றே நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். நீங்கள் திட்டவில்லை. "பேசாட்டி பரவால்ல பாப்பா, இந்த வண்டி கூடத்தான் பேச மாட்டேங்குது. ரெண்டு பேரும் என்கூட வாங்க" என்று என்னைப் பக்கத்து இருக்கையில் ஏற்றிக்கொண்டு வாடகைக்கு ஆள் ஏற்ற ஹயர் போனீர்கள். ஒவ்வொரு முறையும் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வீர்கள். இடது உள்ளங்கையால் கியரை இரண்டு தட்டுத் தட்டி, முன்பக்கமாக அழுத்திப் பிடிப்பீர்கள். "முருகா" என்று வலது கையால் சாவியைத் திருப்புவீர்கள். ஒரு நாளும் எடுக்காமல் இருந்ததில்லை.

வெலிமடைக்கு மரக்கறி வாங்கப் போகும் கடைக்கார அக்கா பின்னால் இருந்து கேலி செய்வார்.

"பொண்டாட்டியக்கூட இப்பிடித் தட்டிக் குடுத்திருக்க மாட்டீங்க."

"அவ தட்டாமலே ஸ்டார்ட் ஆயிருவா. நிறுத்துறதுதான் பாடு" என்பீர்கள்.

முதலாளியின் மருமகன் வண்டியைத் தான் ஓட்டப்போவதாக வந்து நின்ற நாள் நினைவிருக்கிறதா? அன்று நீங்கள் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, யாரிடமும் பேசாமல் படுத்துக்கொண்டீர்கள். அந்த வாரமே அவர் பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வண்டி எடுக்காமல், ஆட்களை இறக்கிவிட்டு, பஸ்ஸில் திரும்பி வந்தார். நீங்கள் போய் ஒரே திருப்பில் எடுத்து வந்தீர்கள். "அது ஒங் கைக்குத்தான் பணியுது, நீயே வச்சுக்க" என்றார் முதலாளி. உங்கள் வேலை நிலைத்ததோடு, அம்மா முழங்கால் வலியோடு தேயிலைக் கொழுந்துக் கூடை சுமப்பதை நிறுத்தினாள். லயமே அந்தக் கதையைச் சொல்லியது. நான் அதை நம்பினேன், அப்பா. உங்கள் கும்பிடுக்குத்தான் அது எடுக்கிறது என்று.

அந்தக் காலையை நான் எத்தனை முறை நினைத்தாலும் அது ஒரே மாதிரிதான் போகிறது. பெரட்டில் பேர் கொடுத்து ஆட்கள் மலைக்கு வேலைக்குப் போய் முடிந்த நேரம். தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். வாய் பேச வரவில்லை. சேகர் அண்ணனின் ஆட்டோ கராஜில் கிடந்தது. அவர் உங்களை இந்த வண்டியின் பின்னிருக்கையில் கிடத்தி, அம்மாவின் மடியில் தலையை வைத்துவிட்டு, சாவியைத் திருப்பினார். விளக்கு எரிந்தது. வேறு ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி திருப்பினார். மறுபடியும். "தள்ளுங்கடா" என்று யாரோ கத்தினார்கள். நம் இறக்கத்தில் தள்ளி எடுக்காத வண்டி உண்டா? லயத்தில் மிச்சமிருந்த எல்லோரும் தள்ளினோம், நானும் தள்ளினேன். பாலம் வரைக்கும் உருண்டு போய்ச் சும்மா நின்றது. தானாகக் கியர் மாறும் இந்த மாதிரி வண்டி தள்ளி எடுக்காது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கொழுந்து லொறி வந்து உங்களை ஏற்றிக்கொண்டு போனபோது வெயில் ஏறிவிட்டது. கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார் பதுளையில் டாக்டர்.

நீங்கள் கடைசியாகக் கையை முன்னால் நீட்டினீர்கள் என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். "அந்த நேரத்துலயும் சாமி கும்புட்டாரு" என்று சொல்லிச் சொல்லி அழுகிறாள்.

அன்று உங்கள் இருக்கையில் உட்கார்ந்து, ஆசைக்கு, நீங்கள் செய்தது போலவே செய்தேன். தொட்டேன், ஒற்றினேன், தட்டி அழுத்தினேன், முருகா என்றேன். எடுத்துவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நிறுத்திவிட்டு, சும்மா சாவியை மட்டும் திருப்பினேன். சத்தமே இல்லை. முருகனை மட்டும் கூப்பிட்டுத் திருப்பினேன். இல்லை. கும்பிடாமல், வாயைத் திறக்காமல், கியரை மட்டும் தட்டி அழுத்தித் திருப்பினேன்.

எடுத்துவிட்டது.

அப்படியே உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு வெளியே, நாம் பாஸ் என்று கூப்பிடும் மெக்கானிக் நின்றார். வண்டியைப் பார்த்து விலை சொல்ல முதலாளி அனுப்பியிருக்கிறார். சிரித்தார்.

"அப்பா சொல்லிக் குடுத்ததா மகள், அந்தத் தட்டு?"

நான் இல்லை என்று தலையாட்டினேன்.

"கியர் 'பார்க்'ங்கிற இடத்தில சரியா விழுந்ததா இல்லையான்னு கண்டுபிடிக்க அடியில ஒரு சுவிட்ச் இருக்கு. அது தேஞ்சு போனது. அழுத்தினாத்தான் தொடும், இல்லாட்டி ஸ்டார்ட்டருக்கு கரண்ட் போறதில்ல. ஒரு பின்னேரத்துல முடியிற வேல. நான் அப்பாகிட்ட எத்தன வாட்டி சொன்னது. அவர் சொல்றது, இருக்கட்டும் பாஸ், எனக்குத் தெரிஞ்சாப் போதும், வேற ஆருக்கும் சொல்லாதீங்கன்னு."

எனக்குக் குரல் வந்தது. எப்படி வந்தது என்று தெரியவில்லை. "அன்னிக்கு அப்பாவ ஏத்துனப்ப இது எடுக்கல" என்றேன்.

அவர் சிரிப்பு நின்றது. கையிலிருந்த ஸ்பானரைத் தரையில் வைத்தார். பக்கத்தில் தானும் உட்கார்ந்தார்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது, அப்பா. உடனே அம்மாவின் முழங்கால் நினைவுக்கு வருகிறது. சாவியைக் கொடுத்துவிட்டு நீங்கள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த முதுகு நினைவுக்கு வருகிறது. கோபம் போய்விடுகிறது. பிறகு திரும்பி வருகிறது. வண்டி உங்களை விட்டுப் போகாமல் இருக்க நீங்கள் ஒளித்துவைத்த ஒன்று, உங்களையே ஏற்றிக்கொண்டு அசையாமல் நின்றது. இதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். உங்கள் கும்பிடு கும்பிடாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று. ஆனால் பீலியடியில் சேகர் அண்ணன் என்னைக் கண்டதும் குடம் நிறையும் முன்பே தூக்கிக்கொண்டு நடந்தார். பின்னாலேயே போனேன். வண்டிக்குக் கூட்டிவந்து, உட்காரச் சொல்லி, அவர் கையைப் பிடித்துக் கியரின் மேல் வைத்து அழுத்தினேன். "இப்பத் திருப்புங்கண்ணே."

எடுத்தது. பாஸ் சொன்னதையெல்லாம் சொன்னேன். சேகர் அண்ணன் கியரிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

"அன்னிக்குக் கண்ணாடியில அவரப் பாத்தேன் தங்கச்சி" என்றார். "கைய என் பக்கம் நீட்டிக்கிட்டே இருந்தாரு. விரல மடக்கி மடக்கி. என்னையக் காப்பாத்துடான்னு கெஞ்சுறாருன்னு நெனச்சேன். ராவுல கண்ண மூடுனா அந்தக் கைதான்." பிறகு கியரைப் பார்த்தார். "இதத்தான் காட்டிருக்காரு."

அவர் அழுதார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கடைசியில் நீங்கள் சொல்லத்தான் பார்த்திருக்கிறீர்கள். அது எனக்குப் போதுமா என்று தெரியவில்லை. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவளுக்கு அது கும்பிட்ட கையாகவே இருக்கிறது.

முதலாளியிடம் தேய்ந்த சுவிட்ச் என்று மட்டும் சொல்லிவிட்டு, பாஸ் அதை மாற்றிப் பூட்டினார். கூலி வாங்கவில்லை. முதலாளி வண்டியை விற்காமல் சேகர் அண்ணனிடமே ஓட்டக் கொடுத்துவிட்டார். நேற்று அவர் தோட்டத்தின் ஸ்பிரிங்வெளி டிவிஷனிலிருந்து ஒரு பிள்ளைத்தாச்சியை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். துணைக்கு என்னையும் கூப்பிட்டார். நான் என் பழைய இடத்தில் உட்கார்ந்தேன். அவர் எதையும் தொடாமல் சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பில் எடுத்தது. இனி அது யாருக்கும் எடுக்கும், அப்பா.

அவர் சாவியைத் திருப்பும் முன்பே என் கை தானாகப் போய், சந்தனத்தின் மேல், இரண்டு தட்டுத் தட்டிவிட்டிருந்தது.