முழங்கைக்குக் கீழே ஒன்றும் கூடாது

பாப்பா அம்மாவுக்கு,

நான் சுகம். உன் மூட்டு வலி குறைந்ததா? இங்கே பயப்படும்படி ஒன்றுமில்லை, ஒரு கூத்து நடந்தது, அவ்வளவுதான்.

நான் மாடு பிடித்துக் கொடுக்கும் மிருக ஆஸ்பத்திரியில், டாக்டரோ வேலையாளோ, முழங்கைக்குக் கீழே எதுவும் போடக்கூடாது. அழுக்குத் தங்குமாம். நம்ம பாப்பா பின்னிக் கொடுத்த கயிற்றை டாக்டர் எல்லார் முன்னாலும் என் மணிக்கட்டிலேயே கத்தரித்துக் குப்பையில் போட்டார்.

"சொல்லியிருந்தா நானே கழட்டியிருப்பேனே சார்."

"ரூல்னா ரூல்தான்."

அவர் விரலிலோ கல்யாண மோதிரம். மாப்பிள்ளையாக இருந்தபோது ஒல்லி போல. இப்போது சதைக்குள் புதைந்து கிடக்கிறது. நேற்று மேலதிகாரியம்மா சோதனைக்கு வந்தார்.

"அம்மா, சார் விரலையும் பாருங்க" என்றேன்.

"இன்னிக்கே கழட்டணும் டாக்டர்" என்றார் அந்தம்மா.

"சோப்பு கொண்டாடா!" என்று டாக்டர் கத்தினார்.

"தீந்துபோச்சு சார்" என்றேன். சோப்பு என் சட்டைப்பையில் இருந்தது. கட்டரை மட்டும் கேட்காமலே எடுத்து வந்தேன்.

மோதிரம் வெட்டுப்பட்டு விழுந்தது.

"வீட்டுல என்னடா சொல்லுவேன்?"

"ரூல்னு சொல்லுங்க சார்."

அப்புறம்தான் எனக்குச் சோறு இறங்கியது. கைதான் இன்னும் வெறிச்சென்று இருக்கிறது. மணி அடித்துவிட்டது, போகிறேன். பாப்பாவை இன்னொரு கயிறு பின்னச் சொல். கணுக்காலுக்குச் சரியாக இருக்கட்டும். இவர்கள் சட்டம் கையோடு நிற்கிறது.