விறகுக்கு அடியில் கிடக்கும் ஹாண்டில்

ஜெபகனி,

நீ கோயிலுக்குப் போன நேரத்தில் சங்கத்து ஆள் வந்து கூப்பிட்டான். முதலாளி இன்றைக்குப் பேச வரச் சொல்லியிருக்கிறாராம். டிரைவர்மார் எல்லாரும் நாகர்கோவிலுக்கு நடக்கிறோம். வண்டி ரிப்பேராகி நிற்கிற நாளுக்கும் சம்பளம் உண்டு என்று பத்திரத்தில் எழுதாமல் எவனும் கையெழுத்துப் போடமாட்டோம்.

மரச்சீனி அவித்து வைத்திருக்கிறேன். சாளைக் கறியைச் சூடாக்கிக்கொள்.

என் பஸ்ஸின் ஹாண்டில் அடுக்களை விறகுக்கு அடியில் கிடக்கிறது. அதை முன்னால் குத்திச் சுற்றாமல் வண்டி கிளம்பாது. அதனால்தான் வேலைநிறுத்தம் தொடங்கியதும் ஆளுக்கொன்றை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். உன் அண்ணன் இஸ்ரவேல் அதைக் கேட்டு வருவான். அவனும் டிரைவர்தான், ஆனால் முதலாளி பக்கம் சாய்ந்துவிட்டான். "மக்கா, ஒம் மாப்பிளைக்க வேலை போயிரும், கேட்டியா" என்று உருகுவான். கொடுத்துவிடாதே.

நேற்று நீ, "ஒங்களுக்கு நானா பெருசு, அந்த இரும்பா?" என்று கேட்டாய். நான் திரும்பிப் படுத்துக்கொண்டேன். எனக்கும் பயம்தான், ஏட்டி.

ராஜையன்

வாசல் படலை வரை போய்விட்டுத் திரும்பி வந்து இதை எழுதுகிறேன். நீ நிறைமாதக்காரி. வலி கண்டால் ஹாண்டிலை நீயே எடுத்து அண்ணனிடம் கொடு. நெய்யூர் ஆஸ்பத்திரிக்கு வண்டியை விடச் சொல். சங்கத்தாருக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

இன்னொன்று. கட்டைவிரலை மடக்காமல் சுற்றச் சொல். அந்த வண்டி ஹாண்டிலைத் திருப்பி அடிக்கும். அவன் கை ஒடிந்தால் உன்னை யார் கொண்டு சேர்ப்பது?