ஃப்ளீஸ் துண்டுகள்

சுதாஜினி மொண்டெல்லோ கடற்கரை ஹோட்டல் வேலைக்குப் புறப்பட்டபோது கணவன் சாந்தரூபன் இன்னும் எழும்பவில்லை. பல்லாரோ சந்தை மீன்கடையில் ஐஸ் அள்ளி அள்ளி அவன் விரல்கள் வெடித்திருந்தன. போர்வை தைத்து மிஞ்சிய, ஃப்ளீஸ் என்ற கதகதப்பான துணியின் துண்டுகளை, "வீடு முழுக்கக் கந்தல்" என்று அவன் குப்பையில் கொட்டிய நாளிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. அவள் மேசையில் சீட்டு எழுதி வைத்தாள்.

"இஞ்சேருங்கோ,
புட்டு சட்டிக்குள்ளை இருக்கு. சம்பல் பிரிட்ஜிலை. என்ரை கதவுத் திறப்பைக் காணேல்லை, உங்கடையைக் கொண்டுபோறன். கதவை இழுத்துச் சாத்திப்போட்டுப் போங்கோ, நான் முந்தி வந்திடுவன்.

நீங்கள் கொட்டின ஃப்ளீஸ் துண்டுகளைப் பொறுக்கியெடுத்து, உங்கடை ரப்பர் கையுறைக்குள்ளை உள்ளுறை தைச்சு வைச்சிருக்கிறன். ஈரம் பட்டாலும் கெதியாக் காயும். மிச்சத் துண்டுகளை வாசல் கதவுக்குக் கீழை அடைச்சிருக்கிறன், குளிர் வராது. அதை எறியாதேங்கோ.

கோவம் இன்னும் இருக்கு. எண்டாலும் சாப்பிடுங்கோ."

அடியில் இடமில்லாததால் ஓரத்தில் நெருக்கி எழுதினாள்:

"அளவு பிழையெண்டால் குறை சொல்லாதேங்கோ. நீங்கள் நித்திரையா இருக்கேக்கைதான் கையை அளந்தனான்."

பின்னேரம் அவன் மணியடித்தான். கதவைத் திறந்தவளின் முகத்தைப் பார்க்காமல் சப்பாத்தைக் கழற்றினான்.

"எங்கடை மீன்கடைச் சல்வோவும் ஒரு சோடி உள்ளுறை கேக்கிறான்."

"துண்டுகளைக் கொட்டினது ஆர்?"

"நான்தான்."

அவள் கதவடியில் அடைத்திருந்த துண்டுகளை உருவியெடுத்து மேசையில் விரித்தாள்.

"அவன்ரை கை எவ்வளவு?"

"என்ரை அளவுதான்" என்று சொல்லி, சாந்தரூபன் தன் கையைத் துணியின்மேல் விரித்து வைத்தான். சுதாஜினி சோக்கட்டியால் ஒவ்வொரு விரலாகச் சுற்றிக் கோடு போட்டாள், அவசரப்படாமல்.