சாய்ந்து நிற்கும் டம்ளர்கள்

பிப்ரவரி 9

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதிக்கொள்வது. நானும் பூனையும் நலம். பூனை என்னைவிடக் கொஞ்சம் கூடுதல் நலம், பக்கத்து வீட்டில் மீன் கிடைக்கிறது.

கண்ணாடிப் பட்டறையை மூடிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். எனக்கு என்ன தெரியும்? என் மகன் காய்ச்சலில் போனதிலிருந்து நானே பாதி நாள் அடுப்பு மூட்டுவதில்லை. ஒருத்திக்கு எதற்கு என்று எதையாவது நின்றுகொண்டே தின்றுவிடுகிறேன். ஆனால் உன் உலை என் அடுப்பு இல்லையே. அணைத்தால் மறுபடி சூடேற நாள்கணக்கில் ஆகும் என்று அவன் சொல்வான். அணைக்காதே.

ஒன்றுதான் கவலை. நீ கண்ணாடி ஊதும்போது ஊதுகுழலைச் சுழற்ற ஓர் ஆள் வேண்டுமே. அவன் இருந்தான். இப்போது யார்?

உன் அத்தை

பிப்ரவரி 20

அன்புள்ள அத்தைக்கு,

உலையை அணைக்கவில்லை. பெரிய வேலை ஒன்று வந்திருக்கிறது. ஒரு பழைய கிடங்கில் ஒரே நீள மேசை போட்டு, முன்பின் தெரியாதவர்கள் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. நடத்துகிறவர் ஒரு சமையல்கார அம்மாள். "பாத்தா சிலை மாதிரி இருக்கணும், எடுத்தா தண்ணி குடிக்கணும். எவனும் போனை நோண்டிக்கிட்டு தனியா உக்காரக் கூடாது" என்கிறார். மூன்று வகை டம்ளர் செய்து காட்டினேன். "அழகா இருக்கு, கடையில வாங்கின மாதிரி" என்று திருப்பிவிட்டார்.

அப்போதுதான் உங்கள் சமையலறை ஞாபகம் வந்தது. உங்கள் மகன் வேலை பழகும்போது செய்த கோணல் டம்ளரைச் சர்க்கரை டப்பா மேல் சாய்த்து வைத்திருப்பீர்களே, அதைக் கொஞ்ச நாள் இரவல் தருவீர்களா?

குழல் சுழற்ற ஆள் கிடைத்துவிட்டார். அந்த மேசையைச் செய்யும் தச்சர். என்னோடு டம்ளர் உயரம் பேச வந்தவர், நான் தனியாகத் திணறுவதைப் பார்த்துக் கை கொடுத்தார்.

அன்புடன்,
மருமகள்

மார்ச் 3

அன்புள்ள மருமகளுக்கு,

டம்ளரை அவன் சட்டையில் சுற்றி அனுப்பியிருக்கிறேன். சட்டையையும் நீயே வைத்துக்கொள். ஒரு பொத்தான் இல்லை, எனக்கு ஊசியில் நூல் கோக்க முடிவதில்லை.

அது எப்படிக் கோணியது தெரியுமா? அவன் வேலை பழகிய பட்டறைக்கு நான் சாப்பாடு கொண்டுபோனேன். குழலைச் சுழற்றிக்கொண்டிருந்தவன், "என்னம்மா கொண்டு வந்தே?" என்று திரும்பினான். அவ்வளவுதான், கண்ணாடி ஒரு பக்கமாகத் தொங்கிவிட்டது. உடைத்துப் போடப் போனார்கள். நான்தான் கேட்டு வாங்கி வந்தேன். தனியாக வைத்தால் விழும். எதன் மேலாவது சாய்த்தால் நிற்கும்.

இரவல் என்றாயே, அது என்ன பேச்சு? அவன் பொருள் உனக்கில்லாமல் யாருக்கு?

அந்தத் தச்சர் சாப்பிடுகிறாரா? வெறும் வயிற்றோடு உலைப் பக்கம் நிற்க விடாதே.

உன் அத்தை

மார்ச் 22

அன்புள்ள அத்தைக்கு,

அதே கோணலில் இரண்டு செய்தேன். சமையல்கார அம்மாள் ஒன்றை மேசையில் வைத்தார், உருண்டுவிட்டது. முகம் சுருங்கியது. நான் இன்னொன்றை அதன் தோளில் சாய்த்தேன். இரண்டும் நின்றன. அம்மாள் ஒன்றை எடுத்தார், மற்றது உருண்டது. பிறகு, "அப்போ பக்கத்துல இருக்கறவங்ககிட்ட சொல்லாம ஒரு வாய் தண்ணி குடிக்க முடியாது!" என்று சிரித்தார். மேசை முழுக்க அதேதான் வேண்டுமாம்.

தச்சர் சாப்பிடுகிறார். நீங்கள் சொல்லிக் கொடுத்தபடி சமைத்துக் கொடுத்தேன். அந்தக் காரம் எனக்கே இன்னும் பழகவில்லை, அவர் என்ன செய்வார்? கண்ணில் தண்ணீரோடு "நல்லா இருக்கு" என்றார். மேசை உயரம் சரிபார்க்க நேற்று மறுபடி வந்தார்.

விருந்து ஏப்ரல் 18. உங்களுக்கு ஓர் இடம் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
மருமகள்

ஏப்ரல் 2

அன்புள்ள மருமகளுக்கு,

ஒரு மேசைக்கு எத்தனை தரம்தான் உயரம் பார்ப்பார்? அது என்ன, வளருகிற பிள்ளையா?

எனக்கு வயதுதான் ஆனது, கண் போகவில்லை. கோபம் இல்லை. நீ இப்படியே தனியாக இரு என்று எந்த வாயால் சொல்வேன்? ஆனால் விருந்துக்கு வரவில்லை. நீ இன்னொரு வீட்டுக்குப் போய்விட்டால் நான் உனக்கு யார் என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்தால் ஒரு வாய் இறங்குமா? மனதில் இருந்ததை எழுதிவிட்டேன்.

உன் அத்தை

ஏப்ரல் 8

அன்புள்ள அத்தைக்கு,

தச்சர் என்னைக் கல்யாணத்துக்குக் கேட்டது உண்மை. நான் இன்னும் பதில் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்லாமல் சொல்ல மனம் வரவில்லை.

உங்களை அத்தை என்று கூப்பிட ஆரம்பித்தது உங்கள் மகனால். இப்போதும் கூப்பிடுவது அதற்காக மட்டும் இல்லை.

உங்கள் இடத்தில் உங்கள் மகனின் பழைய டம்ளரைத்தான் வைக்கப் போகிறேன். வேறு யாரையும் அங்கே உட்கார வைக்கமாட்டேன்.

மருமகள்

ஏப்ரல் 21

அன்புள்ள மருமகளுக்கு,

வரமாட்டேன் என்றவள் விருந்துக்கும் வந்துவிட்டு, பத்திரமாக வீடு வந்து சேர்ந்தேன். பூனை இரண்டு நாளாக முகம் கொடுக்கவில்லை.

தச்சரை என் பக்கத்தில் உட்கார வைத்தது உன் வேலைதான். பாவம், என் மகன் டம்ளர் விழுந்துவிடுமோ என்று அவனுக்குப் பயம். காரம் வேறு. ஒவ்வொரு வாய்க்கும், "அம்மா, டம்ளரை எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டான். நான் என்னுடையதைப் பிடித்துக்கொள்வேன், அவன் குடிப்பான். கடைசியில், "தம்பி, நான் கையை எடுக்கப் போறதில்ல. நீ பாட்டுக்குக் குடி" என்று சொல்லிவிட்டேன்.

எதிரில் இருந்த பெரியவர், "உங்க மகனா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். "என் மருமகளைக் கட்டிக்கப் போறவர்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் முறை கணக்குப் போட்டுப் பார்த்தார். சாப்பாடு ஆறுகிறது என்று விட்டுவிட்டார்.

நீயும் அவனுக்குப் பதில் சொல்லிவிடு.

டம்ளரை வேண்டுமென்றேதான் விட்டு வந்தேன். ஜோடியோடு இருக்கட்டும். நேற்று அடுப்பு மூட்டினேன், உட்கார்ந்து சாப்பிட்டேன்.

இரண்டு பேரும் எப்போது வருகிறீர்கள் என்று எழுது. இத்தனை காலம் என் மகனும் நானும் ஒரு கட்சி, நீ ஒருத்தி கண்ணீரோடு தின்றாய். இனி நீங்கள் இரண்டு பேர், நான் ஒருத்தி. காரத்தைக் குறைத்துக்கொள்கிறேன்.

உன் அத்தை