அசையாத பொருத்து

என் கண்ணு,

நேற்று மாப்பிள்ளை பட்டறைக்கு வந்தார். "ஆஸ்பத்திரியில இருந்து வெறுங்கையோட வர்றா மாமா. அந்தத் தொட்டில் அவ கண்ணுல பட வேண்டாம்" என்றார். நான் செய்த தேக்குத் தொட்டிலைக் கழற்றிப் பலகையாக அடுக்கிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

தேக்கு எண்ணெய்ப் பசையுள்ள மரம். கரையான் அண்டாது, மழை வெயிலுக்குக் கோணாது. கதவு, கட்டில், படகு எல்லாவற்றுக்கும் ஆகும். ஆனால் வேலை செய்தவன் நானாயிற்றே! என் நாற்காலியில் எல்லோரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் உட்காருவார்கள். அப்படிப்பட்டவன் ஆணியில்லாமல் இறுக்கிய பொருத்து, இந்த ஒரு தடவை அசையவே மாட்டேன் என்கிறது. கொட்டாப்புளியால் தட்டித் தட்டிக் கை வலித்ததுதான் மிச்சம்.

கடைசியில் ரம்பத்தை எடுத்தேன். உன் அம்மா ஓடி வந்து, "அறுக்காதீங்க! அவ புள்ளைக்குச் செஞ்சது. அவளைக் கேக்காம அறுக்க நாம யாரு?" என்றாள். கீழே வைத்துவிட்டேன்.

போர்வை போட்டு மூடி, பட்டறைக் கதவைச் சாத்தியிருக்கிறேன். பார்க்க வேண்டாமென்றால் அந்தப் பக்கமே வராதே. பார்க்கத் தோன்றினால் என்னையும் கூப்பிடு, தனியாகப் போகாதே. நானும் இன்னும் அழவில்லை.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அப்பா