உங்கள் மூளைக்குத் தெரிந்த முகம்

சுரங்க வேலைக்காக உங்களுக்குக் கொடுத்த குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சாமான் கட்டிக்கொண்டிருக்கிறேன். உங்கள் பழைய சீப்பு ஒன்று கிடைத்தது. பற்களுக்கிடையே அந்த வெள்ளைப் பசை இன்னும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூளை வேலை செய்வதைப் பதிவு செய்யத் தலை முழுக்க ஒயர் ஒட்டினார்களே, அந்தப் பசை. மூன்று நாள் சீயக்காய் தேய்த்தும் போகாமல், "என்னா எழவுடி இது" என்று என்னைத்தான் திட்டினீர்கள்.

சேத்தியாத்தோப்பு ரோட்டில் வண்டியோடு விழுந்து தலையில் அடிபட்டதில், உங்களுக்கு மனிதர்களின் முகம் மட்டும் அடையாளம் தெரியாமல் போயிற்று. குரல் கேட்டால் ஆளைச் சொல்லிவிடுவீர்கள். நான் வாய் திறக்காமல் வந்து நின்றால், "யாருங்க வேணும்?" என்பீர்கள். இருபத்தாறு வருஷம் 'ஏய்' என்று கூப்பிட்ட வாயிலிருந்து அந்த 'ங்க' வந்ததும், "நான்தாங்க" என்று அவசரமாகக் குரல் கொடுப்பேன்.

பாண்டிச்சேரியில் டாக்டரம்மா கம்ப்யூட்டரில் முகம் முகமாகக் காட்டினார். யார் யாரோ முன்பின் தெரியாதவர்கள். அவர்களுக்கு நடுவே நம் பெண், உங்கள் ஷிப்ட் கூட்டாளிகள், நான். தெரிந்தால் ஒரு பட்டன், தெரியாவிட்டால் ஒரு பட்டன். என் படம் வந்த ஒவ்வொரு தடவையும் 'தெரியாது' என்றே அழுத்தினீர்கள். ஆனால் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்த டாக்டரம்மா, "இவருக்குத்தாம்மா தெரியல. உங்க படம் வந்தா இவர் மூளையில அலை பெருசா எழும்புது பாருங்க" என்று திரையைக் காட்டினார். "கோடு எழும்பி எனக்கு என்னாங்க ஆவப்போவுது? அவரு வாயால சொல்லலியே" என்று அவரிடம் சண்டைக்கே போனேன்.

அந்த ஆத்திரத்தில்தான் மறுநாள் அதைச் செய்தேன். கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டில் இரவல் புடவை கட்டிக்கொண்டு வந்து, பேசாமல் உங்கள் எதிரில் உட்கார்ந்தேன். முகத்தைப் பார்த்தே எப்படியும் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்று ஒரு வீம்பு. நீங்களோ அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு, தண்ணீர் கொண்டுவந்து வைத்தீர்கள். ஒரு நாளாவது எனக்கு மொண்டு கொடுத்திருப்பீர்களா?

"அவளத் தேடி வந்தீங்களா? கடைக்குப் போயிருக்கா, வந்துடுவா." தண்ணீரை என் பக்கம் நகர்த்தி வைத்தீர்கள். பிறகு, "எனக்கு யார் மூஞ்சியும் தெரியறதில்லீங்க. மைன்ஸ்ல ஒரு நாளும் பயந்ததில்ல, இப்ப பயமா இருக்கு. அவ குரல் கேட்டாத்தான் நம்ம வூட்லதான் இருக்கோம்னு தெரியுது. அவகிட்ட சொல்லிடாதீங்க, தலைமேல ஏறி உக்காந்துக்குவா" என்றீர்கள்.

சொல்ல மாட்டேன் என்று தலையாட்டிவிட்டு எழுந்து வெளியே ஓடினேன். அழுது முடித்து, முகம் கழுவி, புடவை மாற்றி, "ஏங்க, தக்காளி கிடைக்கலீங்க" என்று வாசலிலிருந்தே சத்தம் போட்டபடி வந்தேன்.

"யாரோ ஒரு அம்மா வந்துட்டுப் போனாங்கடி. பாவம், வாய் பேச வராது போல."

அன்றிலிருந்து இரண்டு வருஷம், நீங்கள் கண்மூடும்வரை, நான் வாய் மூடவில்லை. சமைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் எதையாவது பேசிக்கொண்டே இருந்தேன். "காது வலிக்குதுடி" என்று அலுத்துக்கொள்வீர்கள். ஏன் பேசுகிறேன் என்று நான் சொன்னதே இல்லை.

இப்போதும் பேசுகிறேன். "யாருகிட்டமா பேசிக்கினு இருக்கே?" என்று பெண் கவலையோடு கேட்கிறாள். நாளைக்கு வடலூரில் ஒரு வாடகை வீட்டுக்குப் போகிறோம். அங்கேயும் பேசுவேன். இல்லாவிட்டால் எது நம்ம வூடுன்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?