டயொக்சேன் அழுக்கில்லை, அக்கா

அன்புள்ள செலின் அக்கா,

இந்த நடுராத்திரியில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். மகள் இப்போதுதான் தூங்கினாள். எனக்குத்தான் கோபத்தில் தூக்கம் வரவில்லை.

நீங்கள் போய் ஏழு மாதம். ஆய்வுகூடத்தில் உங்கள் கதிரையில் இப்போது அச்சுப்பொறி உட்கார்ந்திருக்கிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். இன்று நம் பேராசிரியர் சேர் கையெழுத்துக் கேட்டு நீட்டிய கட்டுரையைத்தான் பொறுக்க முடியவில்லை.

அத்தனையும் உங்கள் அளவீடுகள், அக்கா. என்.எம்.ஆர். கருவியின் முன் இரண்டு வருடம் காத்திருந்து எடுத்தவை. கரைசலில் புரதம் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று பார்த்தால், அது தனியாக அலைகிறதா, ஜோடி சேர்ந்துவிட்டதா என்று சொல்லலாம். சேர்ந்தது மெதுவாகப் போகும். செறிவு கூடக்கூட நம் புரதம் மெதுவாகியது. ஆகவே அவை ஒன்றோடொன்று சேர்கின்றன என்று கட்டுரை அடித்துச் சொல்கிறது.

கரைசல் தடித்தாலும் எல்லாம் மெதுவாகத்தானே போகும்? அதைப் பிரித்தறியத்தானே ஒவ்வொரு குழாயிலும் ஒரு துளி டயொக்சேன் விட்டீர்கள்? எதனோடும் ஒட்டாத சின்ன மூலக்கூறு. "இது நம்ம சாட்சி, தங்கச்சி. இதுவும் கூடவே மெதுவானா புரதத்து மேல பழி போடாத" என்பீர்கள். உங்கள் குறிப்புக் கொப்பியில் அதுவும் அதே அளவுக்கு மெதுவாகியிருக்கிறது. புரதங்கள் சேரவே இல்லை! கட்டுரையிலோ டயொக்சேன் வரிசையே காணோம். கேட்டேன்.

"அந்த வரிசையோ? அவ டியூப் கழுவின லட்சணம் அது. அசுத்தம் எண்டு எடுத்துவிட்டாச்சு" என்றார் சேர்.

"அது அழுக்கில்ல சேர். அக்கா வேணும்னேதான் போட்டாங்க. கொப்பியில பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்காங்க."

கொப்பியை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு மூடி என் பக்கம் தள்ளினார்.

"பிள்ளை, நீர் கைக்குழந்தையோட நித்திரை இல்லாம இருக்கிறீர். அடுத்த மாசம் உம்மட வேலையையும் புதுப்பிக்க வேணும். கையெழுத்தை வச்சிட்டு வீட்ட போம்."

மூன்று தரம் அலசி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, நான்காம் தரமும் அலசுகிற உங்களையா அழுக்குக்காரி ஆக்குவது? செத்தவர் வந்து மறுக்க மாட்டார் என்ற தைரியம்தானே? பிள்ளை பெற்றவளுக்குத் தலை வேலை செய்யாது என்ற நினைப்புத்தானே? இல்லாத ஜோடியை நம்பி எங்கோ ஒரு மாணவி வருடக்கணக்காக மாரடிக்கப் போகிறாளே, அவளுக்கு யார் பதில் சொல்வது?

பயமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். குண்டசாலை பஸ்ஸில் மகளை மடியில் வைத்துக்கொண்டு, வேலை போனால் என்ன செய்வது என்று யோசித்தபடியேதான் வந்தேன். என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கையெழுத்தப் போட்டுட்டு வந்து வருசம் பூரா திட்டிக்கிட்டே இருப்ப. அதையும் நான்தானே கேக்கணும்? போடாத" என்றார்.

போடவில்லை. புரதத்தின் வேகத்தை டயொக்சேனின் வேகத்தால் வகுத்து, செறிவு கூடியும் அந்த விகிதம் மாறவில்லை என்று காட்டி, கொப்பிப் பக்கங்களையும் படமெடுத்து, சேருக்கும் கட்டுரையில் பெயருள்ள மற்ற இருவருக்கும் அனுப்பிவிட்டேன். அந்த வரிசை திரும்ப வரும்வரை என் பெயர் அதில் இருக்காது. உங்கள் பெயரையும் அந்தப் பொய்க்கு மேலே நிற்க விடமாட்டேன். இது உங்களுக்கு என் வாக்கு.

உங்கள் கூடப்பிறக்காத தங்கச்சி,
ரெஜினா

அந்த இருவருக்கும்: எல்லோரும் வாசிக்கும் இடத்தில்தான் இதைப் போடுகிறேன். கட்டுரை திங்கட்கிழமை ஆய்விதழுக்குப் போகிறது. தயவுசெய்து அதற்கு முன் பதில் போடுங்கள்.